ஜோலியட்டில் எழுதிய உண்டியல்

சிக்காகோ நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் நாற்பது மைல் தொலைவில், டெ பிளெயின் ஆற்றங்கரையில் உள்ள ஜோலியட் என்னும் ஊர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுண்ணாம்புக்கல்லுக்கும் உருக்காலைக்கும் சிறைச்சாலைக்கும் பெயர் பெற்றிருந்ததேயன்றி, கல்விக்குப் பெயர் பெற்றதாக எவரும் சொன்னதில்லை. 1858-இல் திறக்கப்பட்ட அந்தச் சிறையைக் கைதிகளே அவ்விடத்துக் கல்லை வெட்டிக் கட்டினார்கள். அதே இனத்துக் கல்லைக் கொண்டு, கோட்டை கொத்தளம் போன்ற தோற்றத்துடன், ஊரார் தங்கள் பிள்ளைகளுக்கென்று ஓர் உயர்தரப் பள்ளிக்கூடத்தை எழுப்பிய 1901-ஆம் ஆண்டில், பள்ளிப் படிப்பை முடித்துவிட்ட ஆறு மாணாக்கர்கள் ஊரை விட்டுப் போகாமல், சர்வகலாசாலையின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களை அங்கேயே படிக்கத் தொடங்கினார்கள். இன்று அமெரிக்க தேசத்தில் ஏறத்தாழ ஆயிரமாகப் பெருகி, அந்நாட்டில் இளங்கலை படிப்போரில் பத்துக்கு நான்கு பேர் என்னும் விகிதத்தில் மாணாக்கரைத் தாங்கி நிற்கும் சமுதாயக் கல்லூரிகளின் வமிசாவளியை எழுதப் புகுவோர், இந்த ஆறு பேரிலிருந்தே கணக்கைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் இருவர். ஒருவர் பள்ளியின் தலைவராயிருந்த ஜே. ஸ்டான்லி பிரவுன், மற்றொருவர் சிக்காகோ சர்வகலாசாலையின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். ஹார்ப்பரைப் பற்றிச் சிறிது நின்று சொல்வது தகும். ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1856-இல் பிறந்த அவர், பதினான்காம் வயதில் கல்லூரிப் பட்டத்தையும், பதினெட்டாம் வயதில் யேல் சர்வகலாசாலையில் முனைவர் பட்டத்தையும் பெற்றவர். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம் லத்தீன், கிரேக்கம், ஸம்ஸ்கிருதம், காத்திக் ஆகிய நான்கு பாஷைகளிலும் பெயருக்கு முன் நிற்கும் உறவுச் சொற்களை ஒப்பிட்டு ஆராய்வது. பெயருக்குப் பின்னே வேற்றுமை உருபைச் சேர்த்துப் பழகிய தமிழர் நமக்கு அந்த ஆராய்ச்சியின் பெயரே விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் உள்ள உறவை நிர்ணயிக்கும் சிறு உறுப்புகளில் இளமையிலேயே புத்தியைச் செலுத்திய ஒருவர், பிற்காலத்தில் பள்ளிக்கும் சர்வகலாசாலைக்கும் நடுவே ஓர் உறுப்பை ஏற்படுத்தியது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ராக்பெல்லரின் பெருஞ்செல்வத்தைக் கொண்டு 1892-இல் வகுப்புகளைத் தொடங்கிய சிக்காகோ சர்வகலாசாலையை, ஜெர்மானிய தேசத்துச் சர்வகலாசாலைகளைப் போல் ஆராய்ச்சிக்கே உரிய இடமாக ஆக்க வேண்டும் என்பது ஹார்ப்பரின் மனோரதம். இளைஞர்கள் கல்லூரிக்கு வந்த முதலிரண்டு ஆண்டுகளில் கற்பதெல்லாம் பள்ளிப் படிப்பின் தொடர்ச்சியே என்றும், அதைச் சர்வகலாசாலையின் தலையிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்றும், மிச்சிகனில் ஹென்றி டாப்பனும் மின்னசோட்டாவில் வில்லியம் பால்வெல்லும் அவருக்கு முன்பே சொல்லிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஹார்ப்பர் தம் கல்லூரியையே இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பகுதிக்கு ஜூனியர் காலேஜ் என்றும் மேற்பகுதிக்கு சீனியர் காலேஜ் என்றும் பெயரிட்டார். கீழ்ப்பகுதியோடு நிற்க விரும்புவோர் மனம் கூசாமல் நிற்கட்டும் என்று அதற்கும் அசோசியேட் என்றொரு சிறு பட்டத்தை உண்டாக்கினார். அதன் பின், தொலைவில் உள்ள பள்ளிகளிலும் நலிந்த சிறு கல்லூரிகளிலும் இந்தக் கீழ்ப்பகுதியை நடத்தச் செய்தால் தம்மிடத்துக்கு மூன்றாம் ஆண்டு மாணாக்கர் மட்டும் வந்தால் போதும் என்று எண்ணினார். ஆகவே, ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்த தர்ம ஸ்தாபனம் என்று இன்று போற்றப்படும் இந்தக் கல்லூரி, பிறந்த காலத்தில் பெரிய வீட்டார் தங்கள் கூடத்தில் கூட்டம் சேராமல் இருப்பதற்காக வாசலில் போட்ட திண்ணையாகவே இருந்தது. இதைச் சொல்வது ஹார்ப்பரைக் குறைகூறுவதாகாது. திண்ணை போட்டவர் நோக்கம் எதுவாயினும், அதில் உட்கார்ந்தவர்களுக்கு நிழல் கிடைத்தது.

நம்மவருக்கு இந்த ஏற்பாடு முற்றும் புதியதன்று. அதே காலத்தில் சென்னை ராஜதானியில், எப்.ஏ. பரீட்சை வரை மட்டும் கற்பித்த இரண்டாந்தரக் கல்லூரிகள் ஜில்லாத் தலைநகரங்களில் இருந்தன. அங்கே இரண்டாண்டு படித்துத் தேறியவர்கள் பி.ஏ. படிப்பதற்கு முதல்தரக் கல்லூரிகளுக்குச் சென்றார்கள். வேலூரில் அமெரிக்கப் பாதிரிமார்களின் ஆற்காட்டு மிஷன் நடத்திய ஊரிசு கல்லூரி அத்தகையது. அங்கிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்றவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். விசாகப்பட்டினத்தில் தொடக்கப் படிப்பை முடித்துக்கொண்டு 1903-இல் மாநிலக் கல்லூரிக்கு வந்தவர் சி. வி. ராமன். ஆனால் இரு தேசத்து முறைக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே பரீட்சை வைத்தது சர்வகலாசாலை. கும்பகோணத்தில் படித்தவன் தாளும் சென்னையில் படித்தவன் தாளும் ஒரே கட்டில் கலந்து கிடந்தன. திருத்தியவருக்கு எது யாருடையது என்று தெரியாது. ஆகையால் எப்.ஏ. தேறியவன் கையில் இருந்தது அரசாங்கத் தங்கசாலையில் அடித்த நாணயம். எந்த ஊர்க் கடையிலும் செல்லும். அமெரிக்காவிலோ, கற்பித்த ஆசிரியரே வினாத்தாள் எழுதினார், அவரே திருத்தினார், அவரே மதிப்பெண் போட்டார். ஜோலியட்டில் ஓர் ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணைச் சிக்காகோவில் ஒருவர் ஏன் நம்ப வேண்டும்?

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எழுதிய உண்டியலை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. தேவகோட்டையில் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் ரங்கூனில் ரொக்கமானது, காகிதத்தின் அழகினால் அன்று. எழுதியவர் பெயரைப் பெற்றுக்கொள்பவர் அறிந்திருந்ததனால். கண்டவுடன் பணம் கொடுக்க வேண்டிய தரிசன உண்டியலும் உண்டு, நாள் கடந்து பணமாகும் தவணை உண்டியலும் உண்டு. இரண்டுக்கும் ஆதாரம் நாணயம் என்னும் சொல்லின் மற்றொரு பொருள்தான். ஜோலியட் பள்ளியில் படித்த பாடங்களைத் தம் பாடங்களுக்குச் சமமாக ஏற்பதென்று சிக்காகோ ஒப்புக்கொண்டது, ஹார்ப்பர் பிரவுனை அறிந்திருந்ததனால். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு பாடத்துக்குக் கொடுக்கும் அலகுக்கே கிரெடிட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது வட்டிக்கடைச் சொல் என்பதை அவர்கள் மறந்திருக்கலாம், செட்டிநாட்டார் மறக்கமாட்டார்கள்.

இல்லினாயில் முளைத்த விதை காடாய் வளர்ந்தது காலிபோர்னியாவில். அங்கே ஊருக்கும் கல்லூரிக்கும் நடுவே தூரம் அதிகம். 1907-இல் அந்தோனி காமினெட்டி என்னும் சட்டசபை அங்கத்தினர் கொண்டுவந்த சட்டம், உயர்தரப் பள்ளிகள் தங்கள் படிப்பை முடித்தவர்களுக்குக் கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களைக் கற்பிக்கலாம் என்று அனுமதித்தது. 1910-இல் பிரெஸ்னோ நகரம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. பெர்க்லியின் அலெக்சிஸ் லாங்கும் ஸ்டான்போர்டின் டேவிட் ஸ்டார் ஜார்டனும் அதற்கு ஆதரவாய் நின்றார்கள். 1920-இல் இக்கல்லூரிகள் ஒரு சங்கமே அமைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெருகின.

அந்தக் காலத்தில் ஒரு மாணாக்கன் எப்படி மேற்சென்றான் என்பதற்கு ஜோலியட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜான் ஹுபோல்ட் என்னும் இளைஞர் 1936 முதல் 1938 வரை ஜோலியட் ஜூனியர் காலேஜில் படித்துவிட்டு இல்லினாய் சர்வகலாசாலைக்குச் சென்று, 1940-இல் கட்டிடப் பொறியியலில் பட்டம் பெற்றார். பின்னர் விண்வெளி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், சந்திரனுக்குச் செல்லும் கப்பல் முழுவதையும் அங்கே இறக்காமல், சந்திரனைச் சுற்றிவரும் தாய்க்கலத்திலிருந்து ஒரு சிறு கலத்தை மட்டும் இறக்கி, திரும்ப வந்து இணையச் செய்யலாம் என்ற யோசனையை விடாமல் வற்புறுத்தினார். 1961-இல் தமக்கு மேலே இருந்த அதிகாரிகளையெல்லாம் தாண்டி உயர்ந்த பதவியில் இருந்த ராபர்ட் சீமன்ஸுக்கு நேரே கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே அந்த வழி ஏற்கப்பட்டது. 1969-இல் மனிதன் சந்திரனில் கால்வைத்தது அவ்வழியிலேதான். இன்று ஜோலியட்டில் அந்தக் கல்லூரிக்குப் போகும் சாலைக்கு அவர் பெயர். திறமை மிக்க மாணாக்கருக்கென்று பிற்காலத்தில் இக்கல்லூரிகளில் ஏற்பட்ட ஆனர்ஸ் வகுப்பு எதிலும் ஹுபோல்ட் சேர்ந்தவர் அல்லர். சேர்வதற்கு அப்போது அப்படி ஒன்று கிடையாது. அதற்கு அவசியமும் இருந்திருக்காது. கல்லூரி சிறியது, ஆசிரியர் மாணாக்கனை முகம் பார்த்து அறிந்தவர், மேலே இருந்தவர்கள் கீழே இருந்தவர்களை அறிந்தவர்கள். அறிந்தவர் நடுவே உண்டியலுக்கு வாய்ச்சொல்லே போதும்.

ஆனர்ஸ் என்னும் சொல் வேறொரு வழியாக வந்தது. ஆக்ஸ்போர்டில் 1800-இல் ஏற்பட்ட பரீட்சைச் சட்டத்தின் பின், வெறுமனே தேறியவர், கௌரவத்துடன் தேறியவர் என்று பட்டதாரிகள் இரு வகையாயினர். பிரிட்டிஷ் ஆட்சி சென்ற இடமெல்லாம் அந்தச் சொல்லும் சென்றது; நம் சென்னைச் சர்வகலாசாலையிலும் இண்டர்மீடியட் முடித்தவர்கள் மூன்றாண்டு படிக்கும் ஆனர்ஸ் வகுப்பு இருந்தது. பச்சையப்பன் கல்லூரியில் அண்ணாதுரை 1934-இல் பொருளாதாரத்தில் தேறியது அத்தகைய ஆனர்ஸ் பட்டத்தையே. ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளில் அந்தச் சொல் வேரூன்றச் செய்தவர், இந்தியானா மாநிலத்திலிருந்து ரோட்ஸ் உபகாரச் சம்பளத்தில் ஆக்ஸ்போர்டுக்குச் சென்று திரும்பிய பிராங்க் ஏடலாட் என்பவர். பிலடெல்பியாவுக்கு அருகில் குவேக்கர் மதப்பிரிவினர் நிறுவிய ஸ்வார்த்மோர் கல்லூரியின் தலைமையை 1921-இல் ஏற்ற அவர், அடுத்த ஆண்டே ஒரு துணிகரமான காரியத்தைச் செய்தார். மிகத் திறமையுள்ள மாணாக்கர் சிலரைக் கடைசி இரண்டு ஆண்டுகளிலும் சாதாரண வகுப்புகளிலிருந்து விடுவித்து, நான்கைந்து பேராக ஆசிரியருடன் அமர்ந்து கட்டுரை வாசித்து வாதிக்கும்படி செய்தார். இரண்டாண்டு முடிவில் அவர்களைப் பரீட்சித்தவர்கள் அவர்களுடைய ஆசிரியர்கள் அல்லர். வேறு சர்வகலாசாலைகளிலிருந்து வரவழைக்கப்பட்ட அந்நியர்கள். அதனால் ஆசிரியர் நீதிபதியின் ஆசனத்திலிருந்து இறங்கி மாணாக்கன் பக்கத்து வக்கீலானார். எல்லோரையும் ஒரே நடையில் நடத்தும் சிறைக்கைதிகளின் அணிவகுப்பை உடைப்பது என்பதே ஏடலாட்டின் லட்சியம்; பின்னாளில் 1944-இல் எழுதிய நூலுக்கும் அந்த உவமையையே தலைப்பாக வைத்தார்.

ஏடலாட்டின் ஆனர்ஸ் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு உரியது. ஜூனியர் காலேஜிலோ அந்த இரண்டு ஆண்டுகள் இல்லவே இல்லை. தலைப்பாகை ஓரிடத்தில், தலை வேறிடத்தில். ஜூனியர் காலேஜ்கள் பட்டதாரிகளின் பழைய கௌரவச் சங்கமாகிய பை பீட்டா கப்பாவைப் பார்த்து, 1918-இல் மிசௌரியில் பை தீட்டா கப்பா என்று தங்களுக்கும் ஒரு சங்கம் அமைத்து, நல்ல மாணாக்கருக்குச் சின்னம் அணிவித்து மகிழ்ந்தன. அது பாராட்டு, படிப்பு அன்று. முதலாண்டு மாணாக்கனுக்கும் ஆனர்ஸ் உண்டு என்ற எண்ணம் வேரூன்றியது கொலராடோ சர்வகலாசாலையில் தத்துவப் பேராசிரியராயிருந்த ஜோசப் கோஹன் என்பவரின் முயற்சியால். மாணாக்கன் கல்லூரியில் கால்வைத்த நாளிலேயே அவனைக் கண்டெடுக்க வேண்டும், கடைசி இரண்டு ஆண்டு வரை காத்திருந்தால் அதற்குள் அவன் மந்தமாகிவிடுவான் என்பது அவர் வாதம். 1957-இல் அவர் முன்னின்று அமைத்த சர்வகலாசாலைகளின் குழு தேசமெங்கும் இதைப் பரப்பியது. அதே ஆண்டு அக்டோபரில் ருஷ்யர்கள் ஸ்புட்னிக்கை வானில் ஏவியதால், அமெரிக்கர்களுக்குத் தங்கள் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பற்றித் திடீரென்று உண்டான கவலை அந்தப் பிரசாரத்துக்குக் காற்றாய் அமைந்தது. 1965-இல் அக்குழு கலைந்தது; மறு ஆண்டே தேசிய ஆனர்ஸ் கவுன்சில் தோன்றியது. ஆனர்ஸ் முதலிரண்டு ஆண்டுகளுக்குள் இறங்கி வந்த பின்தான், இரண்டு ஆண்டு மட்டுமே உள்ள கல்லூரி அதை எட்டிப் பிடிக்க முடிந்தது.

இதற்கிடையில் அந்தக் கல்லூரியே உருமாறிவிட்டது. 1944-இல் படைவீரர்களுக்குப் படிப்புச் செலவு கொடுக்கும் சட்டம் வந்தபின், 1947-இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் போரிலிருந்து திரும்பியவர்கள். அதே ஆண்டு, ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷன், ஜார்ஜ் ஜூக் தலைமையில், ஒவ்வோர் ஊருக்கும் கட்டணமில்லாத இரண்டாண்டுக் கல்லூரி வேண்டும் என்று சிபாரிசு செய்தது. கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயர் பரவியது அந்த அறிக்கையால். 1960-களின் பத்தாண்டில் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட புதிய கல்லூரிகள் திறக்கப்பட்டன. தச்சு வேலை, தாதிப் பயிற்சி, இங்கிலீஷ் தெரியாத குடியேறிகளுக்கு இங்கிலீஷ், பள்ளியில் தவறியவர்களுக்கு மீண்டும் கணிதம், சர்வகலாசாலைக்குப் போகிறவர்களுக்கு வான சாஸ்திரம், எல்லாம் ஒரே கூரையின் கீழ். திண்ணை சத்திரமாயிற்று. சத்திரத்தில் யார் வந்து தங்குகிறார்கள் என்று மணியகாரருக்கே தெரியாது.

1960-ஆம் ஆண்டு காலிபோர்னியாவில் இரண்டு காரியங்கள் நடந்தன. இவ்வரலாற்றின் நடு முடிச்சு அந்த இரண்டிலும் இருக்கிறது. முதலாவது, கிளார்க் கெர் முதலியோர் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம். பள்ளி முடித்தவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் காலிபோர்னியா சர்வகலாசாலைக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியவர். மற்ற யாவருக்கும் ஜூனியர் காலேஜ் திறந்திருக்கும். அங்கே நன்றாகப் படித்தவர் மூன்றாம் ஆண்டில் மேலே செல்லலாம். அப்படி வருவோருக்கு இடம் இருக்க வேண்டுமென்று, சர்வகலாசாலையில் கீழ்வகுப்பு மாணாக்கர் நாற்பது பங்கும் மேல்வகுப்பு மாணாக்கர் அறுபது பங்குமாக இருக்கும்படி கணக்கும் போட்டார்கள். காகிதத்தில் இதைவிட நேர்த்தியான திட்டத்தை நான் கண்டதில்லை. இரண்டாவது, பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியல் அறிஞர், சான் ஹொசே நகரத்து ஜூனியர் காலேஜில் நேரில் கண்டு எழுதிய ஆராய்ச்சி. மேலே செல்லப் போவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவர்களில் மிகப் பலர் செல்லவில்லை என்பதை அவர் கண்டார். கல்லூரி அவர்களை ஒரேயடியாய் வெளியே தள்ளவும் இல்லை. நுழைவுச் சோதனை, ஆலோசகருடன் பேச்சு, உன் திறமை என்ன என்று நீயே எடைபோட்டுக்கொள்ளும்படி ஒரு தனி வகுப்பு, மதிப்பெண் குறைந்தால் ஓர் எச்சரிக்கைக் கடிதம் என்று படிப்படியாக, அவர்களாகவே தங்கள் ஆசையைக் குறைத்துக்கொள்ளும்படி செய்தது. இதற்கு அவர் கொடுத்த பெயர், சூட்டைத் தணிப்பது. மோசடிக்காரன் ஏமாந்தவனைக் கூச்சலிடாமல் சமாதானப்படுத்த ஒரு கூட்டாளியை விட்டு வைப்பானே, அந்தக் கூட்டத்தின் பரிபாஷையிலிருந்து எர்விங் காஃப்மன் எடுத்தாண்டு, அவரிடமிருந்து இவர் பெற்ற சொல்.

தமிழில் இந்த விஷயத்தை நினைக்கும்போது பாஷை ஒரு வேடிக்கை செய்கிறது. கொதிக்கும் பாலை ஆற்றுவதும் ஆற்றுதல். வழி காட்டி அனுப்புவது ஆற்றுப்படுத்தல். முன்னது சூட்டை இழக்கச் செய்வது. பின்னதில் ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் பாணனுக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் சொல்லி அனுப்பும் ஆற்றுப்படை நம் பழைய இலக்கியத்தில் ஒரு துறை. கல்லூரி ஆலோசகரின் வேலைக்கும் இக்காலத் தமிழில் ஆற்றுப்படுத்தல் என்றே பெயர் வைத்திருக்கிறோம். கிளார்க் கண்ட ஆலோசகர்கள் ஆற்றினார்கள், ஆற்றுப்படுத்தவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆயிரக்கணக்கானோருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலோசகர் என்றால், ஆற்றுவது எளிது.

பின் வந்த இருபது ஆண்டுகளில் நிலைமை மேலும் சரிந்தது. தொழிற்கல்வி ஓங்கியது, மேற்செல்வோர் தொகை குறைந்தது. காலிபோர்னியாவில் 1978-இல் சொத்துவரியைக் கட்டுப்படுத்தும் பதின்மூன்றாம் பிரேரணை நிறைவேறியதால் உள்ளூர்க் கல்லூரிகளின் வருமானம் வற்றியது. 1984-இல், அதுவரை இலவசமாயிருந்த படிப்புக்கு, சிறியதாயினும் ஒரு கட்டணம் விதிக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள காலிபோர்னியா சர்வகலாசாலை மறு ஆண்டு சுற்றுப்புறச் சமுதாயக் கல்லூரிகளோடு ஒரு கூட்டுறவை ஏற்படுத்தியதற்கு இதுதான் பின்னணி. கல்லூரி தன்னிடத்தில் ஓர் ஆனர்ஸ் திட்டத்தை நடத்த வேண்டும். அதை முறையாக முடித்தவன் பெயரைக் கல்லூரி சான்றளித்து அனுப்பினால், விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்போது அவனுக்கு முன்னுரிமை தரப்படும். ஒருவர் எழுத, மற்றொருவர் பெற்றுக்கொள்ள, நடுவே பெயருக்கு மதிப்பு. உண்டியல் மீண்டும் எழுதப்பட்டது.

இத்திட்டங்களில் சேர்ந்தவன் செய்ய வேண்டியது என்ன? பள்ளியிலோ கல்லூரியிலோ ஓரளவு நல்ல மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். ஒரு சிறு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். பின் இரண்டாண்டுக்குள் ஐந்தாறு பாடங்களை ஆனர்ஸ் வகுப்பில் படிக்க வேண்டும். பெரிய கூடத்தில் நூறு பேரோடு உட்கார்ந்து சரித்திரம் கேட்டவன், இங்கே இருபது பேரோடு வட்டமாக உட்கார்ந்து மூல ஆவணங்களை வாசிக்கிறான். நான்கு விடையில் ஒன்றைக் கோடிட்டுக் காட்டியவன், பதினைந்து பக்கத்தில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறான். தனி ஆனர்ஸ் வகுப்பு நடத்த ஆள் சேராத பாடங்களில், சாதாரண வகுப்பிலேயே இருந்துகொண்டு, ஆசிரியரோடு எழுத்து மூலம் உடன்படிக்கை செய்து, கூடுதல் வேலை ஒன்றைச் செய்து முடிக்கும் வழியும் சில கல்லூரிகளில் உண்டு. அந்த உடன்படிக்கையில் ஆசிரியருக்குக் கூடுதல் சம்பளம் கிடைப்பது அபூர்வம் என்பதால், அது பெரும்பாலும் ஆசிரியரின் நல்ல மனத்தை நம்பி நடக்கிறது. காலிபோர்னியாவின் ஆனர்ஸ் திட்டங்கள் ஒன்றுகூடி, இர்வைன் சர்வகலாசாலையில் நடத்தும் ஆராய்ச்சி மாநாட்டில், இருபது வயதைத் தாண்டாதவர்களும், இரவில் வேலை பார்க்கும் நாற்பது வயதுத் தாய்மார்களும் மேடையேறித் தங்கள் கட்டுரையை வாசிக்கிறார்கள்.

என் அபிப்பிராயத்தில், இவை அனைத்திலும் மிகப் பெரிய லாபம் பாடத்தில் இல்லை. ஆனர்ஸில் சேர்ந்தவனுக்கு அவனைப் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆலோசகரும், அவனைப் பற்றி ஒரு பக்கம் கடிதம் எழுதக்கூடிய இரண்டு ஆசிரியர்களும் கிடைக்கிறார்கள். எந்தப் பாடம் எந்தச் சர்வகலாசாலையில் எதற்கு ஈடாகும் என்பது, சமஸ்தானத்துக்கு ஒரு நாணயம் செலாவணியில் இருந்த காலத்தைப் போலக் குழப்பமானது; அதில் ஒரு தப்படி வைத்தால் ஓர் ஆண்டு போய்விடும். முதலிலேயே வழி சொல்ல ஆள் இருப்பவன் பிழைக்கிறான். அதாவது, ஹுபோல்ட் காலத்துச் சிறு கல்லூரியை, பெருங்கல்லூரியின் வயிற்றுக்குள் மறுபடி கட்டிக்கொண்டதே ஆனர்ஸ் திட்டம்.

திறந்த கதவுக்குள் மற்றொரு பூட்டிய அறையா என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எல்லோருக்கும் பொதுவான கல்லூரியில் சிலரைப் பொறுக்கி எடுத்து நல்ல ஆசிரியரையும் சிறு வகுப்பையும் அவர்களுக்குக் கொடுப்பது நியாயமா என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. சேர்ந்த முதல் பருவத்திலேயே இந்த அறை இருப்பதை அறிந்தவன், பெரும்பாலும் அக்காளோ அண்ணனோ முன்பு கல்லூரிக்குப் போன வீட்டுப் பிள்ளை. மூன்றாம் பருவத்தில் அறிந்தவனுக்குப் பாடங்களை முடிக்க நாள் போதாது. ஆயினும் பூட்டிய அறைக்கு உள்ளே விட்டவர்கள் யாரை விட்டார்கள் என்று பார்த்தால் என் மனம் சிறிது இளகுகிறது. 1985-இலேயே, நியூயார்க் நகரத்துக் குயின்ஸ் பகுதியில் குடியேறிகளின் பிள்ளைகள் மிகுதியாய்ப் படிக்கும் லகார்டியா சமுதாயக் கல்லூரி, ஹட்சன் நதிக்கரையில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் வாஸர் கல்லூரியோடு சேர்ந்து, கோடைக்காலத்தில் ஐந்து வாரம் தன் மாணாக்கரை அங்கே தங்கிப் படிக்கச் செய்தது. அவர்கள் அங்கே கற்ற பாடம் எதுவாயினும், இந்தக் கட்டிடத்துக்குள் நாமும் நடக்கலாம் என்று கால்கள் கற்றுக்கொண்டது கொஞ்சமன்று.

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் வீடுகளில் கம்யூனிட்டி காலேஜ் என்ற பேச்சு எடுத்தால் முகம் சுளிப்பவர்கள் இன்னமும் உண்டு. ஊரில் இருக்கும் பாட்டியிடம் பேரன் எங்கே படிக்கிறான் என்று சொல்வதற்கு ஒரு பெயர் வேண்டுமல்லவா! தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்ற பெயர் தொழிற்பயிற்சி நிலையங்களோடு ஒட்டிக்கொண்டதும் இந்தச் சுளிப்புக்கு ஒரு காரணம். பாசடீனா ஜூனியர் காலேஜில் இரண்டாண்டு படித்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சென்ற புரூஸ் மெரிபீல்டு 1984-இல் ரசாயனத்துக்கு நோபல் பரிசு பெற்றார். கார்னிங் சமுதாயக் கல்லூரியிலிருந்து சிராகியூஸுக்குச் சென்ற ஐலீன் காலின்ஸ் 1999-இல் விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்மணியானார். இந்தப் பெயர்களைப் பாட்டியிடம் சொல்லலாம்.

இவ்வளவுக்கும் பிறகு மேற்செல்வோர் தொகை எவ்வளவு? சமுதாயக் கல்லூரியில் சேர்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நான்காண்டுப் பட்டத்தை விரும்பி வருகிறார்கள். நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுபவர்கள் மூன்றில் ஒருவர் அளவே. ஆனர்ஸ் திட்டம் சிலருக்கு எழுதிக்கொடுத்த உண்டியலை எல்லோருக்கும் செல்லும் நாணயமாக்க முடியுமா என்ற யோசனையின் விளைவாக, காலிபோர்னியாவில் 2010-இல் ஒரு சட்டம் வந்தது. குறித்த பாடங்களை முடித்து, மாற்றத்துக்கென்றே வகுக்கப்பட்ட அசோசியேட் பட்டம் பெற்றவருக்கு, மாநில சர்வகலாசாலைத் தொகுதியில் எங்காவது ஓரிடத்தில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. ஹார்ப்பர், நிற்க விரும்புவோருக்காக உண்டாக்கிய அந்தச் சிறு பட்டம், நூற்றுப்பத்து ஆண்டு கழித்து, போக விரும்புவோரின் கைச்சீட்டாயிற்று. ஆனால் எந்த ஊரில் இடம் என்பதை அச்சட்டம் உறுதி சொல்லவில்லை. மாநில அரசியல் சட்டத்தால் தனி அதிகாரம் பெற்ற காலிபோர்னியா சர்வகலாசாலையையும் அது கட்டுப்படுத்தவில்லை. பெர்க்லிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் போக விரும்புகிறவன் நவம்பர் மாதத்தில் விண்ணப்பம் எழுதி அனுப்பிவிட்டு, ஆனர்ஸ் திட்டத்தின் இயக்குநர் தயாரிக்கும் சான்றுப் பட்டியலில் தன் பெயர் ஏறிவிட்டதா என்று, பழைய நாளில் ரங்கூன் தபாலை எதிர்பார்த்திருந்தவர்களைப் போல, விசாரித்துக்கொண்டிருக்கிறான்.